போர்வைக்குப் பின்னால் பின்னக் கணக்கு

அத்தான் லேப்டாப்பைப் பட்டென்று மூடியபோது அக்கா சமையலறையில் நின்று யாருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றியோ ஃபோனில் விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். மூடுவதற்கு முன் ஒரு கணம் திரை தெரிந்தது. வரிசை வரிசையாகச் சதுரங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் நெற்றியும் கொஞ்சம் கூரையும். அதற்கு முன்னால் எங்கள் வீட்டுக் கொசு உட்கார்ந்து தேம்பிக்கொண்டிருந்தாள்.

"போதும்," என்றார் அத்தான். "இனிமே என் பொண்ணு இது முன்னாடி உக்காந்து அழ வேண்டாம்."

கொசு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். ஒன்பது வயதுப் பெண்ணைத் தோளில் போட்டால் அவள் கால் அவர் முழங்காலைத் தட்டும். சொல்ல வந்தது அவர் சட்டைக்குள் அமுங்கிப்போயிற்று.

கொசு என்பது அவரே வைத்த பெயர். காதருகே வந்து ஓயாமல் பேசுவாள். விரட்டினால் மறு காதுக்குப் போவாள்.

பள்ளிகள் மூடி, பாடமெல்லாம் திரைக்கு வந்திருந்த காலம் அது. அத்தான் டிரைவிங் ஸ்கூலில் பயிற்சியாளர். ஒரே காரில் இரண்டு வீட்டு ஆட்கள் உட்காரக் கூடாது என்று ஆனதும் அவருக்கு வேலை நின்றது. ஃபோனில் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுப்பதோடு சரி. அக்கா பல் மருத்துவமனையின் வரவேற்பில் இருப்பவள். அவசரத்துக்கு மட்டும் கதவைத் திறந்ததால் மருத்துவமனை ஃபோனை வீட்டுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். எங்கே வலி, வீங்கியிருக்கிறதா, தூக்கம் வருகிறதா என்று கேட்டு, யார் வரலாம், யார் பொறுக்கலாம் என்று பிரிப்பது அவள் வேலை. நான் சோப்பு ஆலையின் பரிசோதனைக் கூடத்தில் இருந்தேன். ஆலை லாரி லாரியாகக் கை கழுவும் திரவம் அனுப்பிக்கொண்டிருந்தது. வீட்டிலிருந்து வெளியே போய்வரும் ஒரே ஆள் நான்தான். திரும்பி வந்தால் எதையும் தொடாமல், யாரோடும் பேசாமல் நேரே பின்பக்க பால்கனிக்குப் போய் மேலங்கியையும் பையையும் வாளியில் போட்டு, குளித்த பிறகுதான் மனுஷியாக வேண்டும். பேசாமல் இருப்பது எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை.

அன்று நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது அத்தான் முடிவெடுத்து முடித்திருந்தார். அவரிடம் முன்பு கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒருவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டுத் தன் பையனைப் பள்ளியிலிருந்து நிறுத்தியிருந்தார். அன்ஸ்கூலிங் என்று பெயர். இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்திருந்தன, அவர்தான் தலைவர். சனிக்கிழமை தோறும் வீடியோவில் கூடிப் பேசுவார்கள்.

அத்தான் எங்களுக்கு விதிகளை விளக்கினார். பாடம் கிடையாது, நேரம் கிடையாது, பரீட்சை கிடையாது. குழந்தை தானாக வந்து கேட்காதவரை யாரும் எதையும் சொல்லித்தரக் கூடாது. முக்கியமாக, குழந்தையைக் கேள்வி கேட்டுக் குடையக் கூடாது. என்ன செய்தாய், ஏன் செய்தாய், என்ன தெரிந்துகொண்டாய், ஒன்றும் கேட்கக் கூடாது. பக்கத்தில் இருக்கலாம். வேடிக்கை பார்க்கலாம்.

"இதுக்குப் பேரு லீவு இல்லையா?" என்று அக்கா கேட்டாள்.

அத்தான் கோபிக்கவில்லை. பயிற்சிக் காரில் அவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும்போது அந்த பிரேக்கில் கால் வைத்தே உட்கார்ந்திருந்தவர். பள்ளிக்கூடமும் அப்படித்தான் என்றார். எந்தப் பிள்ளையையும் தானாகத் திருப்பத்தில் திரும்ப விடுவதில்லை. அவருடைய வாத்தியார்கள் அவரை அமுக்கி அமுக்கியே மக்கு என்று நம்பவைத்துவிட்டார்கள்.

"அவளாவது பிரேக் இல்லாம போகட்டும்," என்றார்.

"பிரேக் இல்லாத வண்டியில யாரு ஏறுவா?" என்றாள் அக்கா. ஆனால் அவளும் அந்த அழுகையைப் பார்த்திருந்தாள். அதற்கு மேல் வாதாடவில்லை. அவர்தான் பள்ளிக்கு ஃபோன் செய்து, பெண் கொஞ்ச நாள் வரமாட்டாள் என்று சொன்னார்.

முதல் சில வாரங்கள் வீடு பூங்கா மாதிரி இருந்தது. கொசு எழுந்தபோது விடிந்தது. பசித்தபோது முட்டை வேகவைக்கக் கற்றுக்கொண்டாள். அக்கா ஃபோனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல் எல்லாம் அவளுக்கு அத்துப்படி. எதிர்முனையில் யாராவது முனகினால் தன் வாயைத் திறந்து எந்தப் பல் என்று அக்காவுக்கு விரலால் காட்டுவாள்.

ஆனால் சனிக்கிழமைக் கூட்டத்தில் பல் எடுபடவில்லை. தலைவரின் பையன் எறும்புகள் போகும் வழிக்கு வரைபடம் போட்டிருந்தான். இன்னொரு வீட்டுப் பெண் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்து மாட்டியிருந்தாள். மாட்டிய பிறகு திருகாணிகள் மிச்சமிருந்தன, ஆனாலும் பாடியது. அத்தானின் முறை வந்தபோது, "எங்க வீட்டுல... அமைதியா இருக்கா," என்றார்.

அது உண்மை. கொசு வரவர அமைதியாகிவிட்டிருந்தாள். காதருகே யாரும் ரீங்கரிப்பதில்லை. அத்தான் அதை மன நிம்மதி என்று எடுத்துக்கொண்டார். "பாத்தியா, எவ்வளவு தெளிவாயிட்டா," என்று அக்காவிடம் மெதுவாகச் சொல்வார்.

இருந்தாலும் எறும்பு வரைபடம் அவரை உறுத்தியிருக்க வேண்டும். சொல்லித்தரக் கூடாதே தவிரப் பொருட்களைக் கண்ணில் படும்படி வைக்கலாம் என்று ஒரு சந்து கண்டுபிடித்தார். சோபாவின் மேல் உருப்பெருக்கிக் கண்ணாடி வந்தது. கழிவறை வாசலில் உலக உருண்டை. சாப்பாட்டு மேஜையில் தேய்ந்துபோன பிரேக் கட்டை ஒன்று.

"இது எதுக்கு சாப்பிடற இடத்துல?" என்றாள் அக்கா.

"சும்மா இரு. கண்ணுல படட்டும்."

"படுது. என் கண்ணுல."

கொசு தூண்டிலைத் தெரிந்துகொண்ட மீன் மாதிரி அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

அப்புறம் ஒரு மாலை. அக்கா கேக் செய்திருந்தாள். கால்வாசி ஏற்கெனவே காணாமல் போயிருந்தது. அத்தான் கத்தியை எடுத்தார். கொசு தட்டில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டு, யாரிடமும் இல்லாமல் சொன்னாள்: "முக்கால் கேக் இருக்கு. நாம நாலு பேரு. ஆளுக்குப் பதினாறுல மூணு பங்கு."

கத்தி அந்தரத்தில் நின்றது. நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது.

"யாரு..." என்று ஆரம்பித்த அத்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்கக் கூடாதே.

"சித்திக்கு வேண்டாம்னா ஆளுக்குக் கால். வெட்டறதுக்கும் சுலபம்," என்று கொசு என்னைப் பார்த்தாள். எனக்கு வேண்டாம் என்றேன்.

அத்தான் கேக்கை வெட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். யாரும் சொல்லித்தராமல், யாரும் கேட்காமல், அவருடைய பெண் பின்னத்தை வகுக்கும் வித்தையைத் தானாகக் கண்டடைந்திருக்கிறாள். அதற்கு அடுத்த நாள்களில் பகுதி வேறான பின்னங்களைக் கூட்டினாள். தசமத்துக்கு மாற்றினாள். குளிர்பதனப் பெட்டிக் கதவில் இன்ன பங்கு முட்டை வைக்கும் இடம் என்றாள். அத்தான் வீட்டில் நடக்கும்போது தரையில் கால் பாவவில்லை. சனிக்கிழமைக் கூட்டத்தில் அவர் பேசி முடித்ததும் எறும்பு வரைபடம் சுவரிலிருந்து இறங்கிவிட்டது. குழுவிலேயே இதுதான் முதல் பெரிய பாய்ச்சல் என்றார் தலைவர். சீக்கிரம் ஒரு சனிக்கிழமை அவளே வந்து மற்றக் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். கேக்கை வெட்டிப் பார்த்து ஒரு குழந்தை கால், அரை, முக்காலைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் கொசு தாளில் போட்ட கணக்கில், வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கியிருந்தாள். அது கேக்கிலிருந்து வருகிற வழி இல்லை. அதை யாராவது சொல்லியிருக்க வேண்டும். நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. வேறு மாதிரி இருக்கவும் கூடும் என்று விட்டுவிட்டேன்.

ஒருநாள் ஆலையில் கொதிகலன் பழுதாகி எங்களைச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். வழக்கம்போல் நேரே பின் பால்கனிக்குப் போனேன். கொடியில் போர்வைகள் காய்ந்துகொண்டிருந்தன. வாளியை எடுக்கப் போர்வையை ஒதுக்கினேன். கவிழ்த்த வாளியின் மேல் கொசு உட்கார்ந்திருந்தாள். காதில் இயர்ஃபோன். கையில் ஒரு ஃபோன். இரண்டு கட்டை விரல்களாலும் பறந்து பறந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் பால்கனியையும் பக்கத்து வீட்டு பால்கனியையும் பிரிப்பது ஒரு கம்பித் தடுப்பு மட்டும்தான். அந்தப் பக்கம் பல்லி சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தான்.

பல்லி பக்கத்து வீட்டுப் பையன். கொசுவின் வகுப்புதான். எங்கே நின்றாலும் சுவரில் சாய்ந்துவிடுவான், அதனால் கொசு வைத்த பெயர். ஃபோன் அவனுடையது. திரையில் அதே சதுரங்கள். அவன் பெயர் எழுதிய சதுரம் மட்டும் கறுப்பு.

கொசு என்னைப் பார்த்ததும் வாளியிலிருந்து குதித்தாள். நான் குளிக்காததால் அவளும் கிட்டே வர முடியாது, நானும் கிட்டே போக முடியாது. கொஞ்ச நேரம் போர்வைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றோம்.

"இன்னும் கொஞ்சம்தான் சித்தி. கடைசிக் கணக்கு," என்றாள் கிசுகிசுப்பாக. "அப்புறமா திட்டு."

காத்திருந்தேன். அவள் விடையைத் தட்டி அனுப்பினாள். இயர்ஃபோனை மீறிக் கசிந்த குரல் பல்லியின் பெயரைச் சொல்லி மிக நன்று என்றது. கொசுவின் முகத்தில் பாதிச் சந்தோஷம்தான் வந்தது. மீதிப் பாதி பெயருக்குச் சொந்தக்காரனிடம் போய்விட்டது. அவன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

ஏற்பாடு எளியது. பல்லிக்கு வகுப்பு பிடிக்காது, தூக்கம் பிடிக்கும். பால்கனியில் சிக்னல் நன்றாக வருகிறது என்று அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டுக் காலையில் இங்கே வருவான். வருகைப் பதிவுக்கு 'உள்ளேன் மிஸ்' என்று தட்டிவிட்டுக் கம்பி வழியாக ஃபோனை நீட்டுவான். மிச்சமெல்லாம் கொசு. கேமரா அணைந்திருக்கும், வாய் திறக்க முடியாது, எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். அத்தான் அந்த நேரத்தில் முன்னறையில் யாருக்காவது ஒருவழிப் பாதை பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். மகள் பால்கனியில் வானத்தைப் பார்த்துச் சிந்திக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, அவளைத் தொந்தரவு செய்யாமல் அந்தக் கதவை அவரே சாத்திவிட்டுப் போவார்.

எனக்கு முதலில் கேட்கத் தோன்றியது ஒன்றுதான். "பிடிக்கலைன்னுதானே அன்னைக்கு அழுத?"

கொசு என்னை மக்கைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள். "மிஸ் என்னை மியூட் பண்ணிட்டாங்க சித்தி. நான் இன்னும் நிறைய சொல்ல வேண்டியிருந்துது."

"அதுக்கா?"

"பின்ன?"

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். அவள் போர்வையின் ஓரத்தை முறுக்கினாள். அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ராத்திரி அம்மாவிடம், வாழ்க்கையில் நான் சரியாச் செஞ்ச ஒரே காரியம் இதுதான் என்று சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது?

பல்லி விழித்துக்கொண்டான். என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. பார்த்ததில் நிம்மதி அடைந்தவன் மாதிரி தெரிந்தான். "அக்கா, நீங்களாவது இவகிட்ட சொல்லுங்க. அப்பப்ப ரெண்டு தப்பு போடச் சொல்லுங்க. எங்கம்மா எல்லா சொந்தக்காரங்களுக்கும் ஃபோன் போட்டுட்டாங்க. என்னைக் கணக்குப் போட்டிக்கு அனுப்பப் போறாங்களாம்."

"தப்பா போடறதுக்கு நான் எதுக்கு?" என்றாள் கொசு. "அதுக்கு நீயே உக்காரலாமே."

அவளுக்காக நான் ஒன்றும் செய்யவில்லை, சொல்லாமல் இருந்ததைத் தவிர. அதில் எனக்குப் பழக்கம் உண்டு. போர்வை இல்லாத நாள்களில் மட்டும் என் ஈரத் துண்டைக் கொடியில் கொஞ்சம் அகலமாக விரித்துவைத்தேன்.

இப்படியே போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை நான் குளித்துவிட்டு வந்தபோது கொசு என் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தாள். திங்கள்கிழமை முதல் எல்லாரும் கேமராவைப் போட வேண்டும் என்று மிஸ் சொல்லிவிட்டார்களாம். காரணம் கேட்கக் கூடாதாம், ஃபோன் பழுது என்று சொல்லக் கூடாதாம். கறுப்புச் சதுரம் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

"அப்போ திங்கக்கிழமையிலேர்ந்து நான் இல்ல," என்றாள் தலையணைக்குள்.

நான் அத்தானிடம் பேசட்டுமா என்றேன். அதைச் சொல்லி முடிக்கவே எனக்கு இரண்டு தடவை ஆயிற்று. அவள் எழுந்து உட்கார்ந்தாள். "வேண்டாம். நீ பேசினா ஆரம்பிக்கறதுக்கே ஞாயித்துக்கிழமை ஆயிடும். நானே சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அவள் இரண்டு தடவை முயன்றதை நான் பார்த்தேன். முதல் தடவை அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். "அப்பா," என்று போய் நின்றாள். அவர் ஆர்வத்தோடு திரும்பினார். கேள்வியோடு வந்திருக்கிறாள், இப்போது சொல்லித்தரலாம் என்ற சந்தோஷம் அவர் முகம் முழுக்க. அதைப் பார்த்ததும் கொசு, "தண்ணி ஏன் சுத்திக்கிட்டே கீழ போகுது?" என்று கேட்டுவிட்டாள். பாவம், வெகுநேரம் விளக்கினார். இரண்டாவது தடவை அவர் தலைவரோடு ஃபோனில் இருந்தார். நாளைய கூட்டத்துக்குக் கொசு நிச்சயம் வருவாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அத்தான் லேப்டாப்பைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, உயரத்துக்கு அடியில் இரண்டு குக்கர் மூடிகளை அடுக்கினார். கொசுவுக்குத் தலை வாரிவிட்டார். அவரே புதுச் சட்டை போட்டிருந்தார். அக்கா ஒரு காதில் மருத்துவமனை ஃபோனோடு சமையலறை வாசலில் நின்றாள். நான் அறை வாசலில். திரையில் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

தலைவர் வரவேற்றார். குழந்தையின் இயல்பான அறிவுத் தாகம் பற்றிக் கொஞ்சம் பேசினார். பிறகு கொசுவைப் பார்த்து, "சொல்லும்மா. உனக்கு இது எப்படித் தோணிச்சு?" என்றார்.

கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருடைய விதிதான். அன்று அதை மீறியதும் அவரேதான். அவருக்கே அது உறைக்கவில்லை.

கொசு என் பக்கம் பார்த்தாள். அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அப்புறம் திரையைப் பார்த்தாள்.

"தோணல அங்கிள். மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

"எந்த மிஸ்?" என்றார் அத்தான்.

"எங்க மிஸ்தான்பா. பால்கனில."

அத்தான் பால்கனிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே மிஸ் நிற்பார்களோ என்று ஒரு கணம் அவர் நினைத்திருக்கக்கூடும். கொசு ஆரம்பித்துவிட்டாள். பல்லி, ஃபோன், கம்பித் தடுப்பு, போர்வை, பதினாறில் மூன்று, திங்கட்கிழமை கேமரா. அவ்வளவு நாளாக அடைத்திருந்தது ஒரே மூச்சில் வந்தது. திரையில் யாரும் அசையவில்லை. இணைப்பு உறைந்துவிட்டதோ என்று ரேடியோப் பெண்ணின் அம்மா கையை ஆட்டிப் பார்த்தாள்.

முதலில் சமாளித்தவர் தலைவர். "சார், இதுதான் அசல் அன்ஸ்கூலிங். யாரும் சொல்லாம, அவளே தேடி, அவளே ஒரு ஸ்கூலைக் கண்டுபிடிச்சிருக்கா."

யாரோ கை தட்டினார்கள். அத்தான் கொஞ்சம் பொறுத்துப் பேசுகிறேன் என்று சொல்லிக் கூட்டத்திலிருந்து வெளியே வந்தார். மேஜையில் குக்கர் மூடிகளைச் சரிசெய்வதுபோல் நகர்த்தி நகர்த்தி வைத்தார். அக்கா ஃபோனில், "ஒரு நிமிஷம் வெச்சிருங்க, உப்புத் தண்ணி கொப்பளிச்சிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றார் அத்தான். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீங்க கேக்கவே இல்லையேப்பா."

"நீ அழுதியேடா. நான் பாத்தேனே."

"பாத்தீங்க. கேக்கல."

மியூட் விஷயத்தை அவள் சொன்னாள். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. அத்தான் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜையிலிருந்த பிரேக் கட்டையைக் கையில் எடுத்தார், வைத்தார்.

"நான் பிரேக்ல கால் வெக்கல, வெக்கலன்னு நெனச்சிட்டு இருந்தேன்," என்றார் அக்காவிடம். "சாவியையே உருவிட்டேன் போல."

"உங்களுக்கு இது பிடிச்சிருக்குன்னுதான்..." என்று கொசு ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். அவள் ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "எனக்கு திங்கக்கிழமை போகணும்பா. என் மூஞ்சியோட."

அத்தான் அவளை இழுத்து மடியில் உட்காரவைத்தார். இந்த முறை சட்டைக்குள் அமுக்காமல், அவள் முகம் தனக்கு நேராக இருக்கும்படி. ஃபோனை எடுத்து மிஸ்ஸின் எண்ணைத் தேடினார். ஒரு பள்ளி ஆசிரியருக்கு ஃபோன் செய்யும்போது இன்றும் அவருக்குக் கை வியர்க்கிறது. ஃபோனைச் சட்டையில் துடைத்துவிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

தன் மகள் செய்ததையும் தான் செய்ததையும் ஒரு மாதிரி சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"சார், 'மிஸ் மிஸ் மிஸ்'னு மூணு தடவை டைப் பண்றதுக்கு என் கிளாஸ்ல ஒரே ஆள்தான். அந்தப் பையன் ரெண்டு வருஷத்துல என்னை ஒரு தடவை கூப்பிட்டதில்ல. முதல் வாரமே எனக்குத் தெரியும்."

"தெரியுமா? அப்போ ஏன் மிஸ் கேக்கல?"

"உங்க வீட்டுல என்ன நிலைமையோ. நான் எதையாவது கேட்டு, வந்துட்டு இருக்கறதும் நின்னுட்டா? கேமராவைப் போடச் சொன்னா யாராவது வெளிய வந்துதானே ஆகணும்னு நெனச்சேன். வந்துட்டீங்க."

அத்தான் ஃபோனைப் பார்த்து வணக்கம் வைத்தார். இடம் இருக்கிறதா என்று கேட்டார். நீங்கள்தான் கொஞ்ச நாள் என்று சொல்லியிருந்தீர்கள், கொஞ்ச நாள் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன் என்றார்கள் மிஸ். மியூட் பற்றியும் தயங்கித் தயங்கிக் கேட்டார். அதில் மட்டும் மிஸ் இறங்கி வரவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் வாய் இருக்கிறதே. கொசு இடையில் புகுந்து, வகுப்பு முடிந்ததும் கொஞ்சம் பேசலாமா என்றாள். எவ்வளவு என்று கேட்டார்கள் மிஸ். கொஞ்ச நேரம் பேரம் நடந்தது.

பல்லியின் அம்மாவிடம் மிஸ்ஸே பேசிவிட்டார்களாம். மாலையில் சுவர் வழியாக அவள் சத்தம் கேட்டது, பிறகு நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பல்லி வந்து சாய்ந்தான். இனிமேல் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து படிக்க வேண்டுமாம். ஆனால் கணக்குப் போட்டி ரத்து. "அப்பாடா," என்றான். பின்னம் என்றால் என்ன என்று கொசுவிடம் கேட்டான். அவள் பெரிதாகச் சலித்துக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் மட்டும் வீட்டில் சுற்றிச் சுற்றி வந்தார். உலக உருண்டையைப் பரண் மேல் வைத்தார். உருப்பெருக்கியைப் பெட்டிக்குள் போட்டார். என்னிடம் வந்து, "உனக்கு முன்னாடியே தெரியும், இல்ல?" என்றார். தலையாட்டினேன். "பரவால்ல," என்று போய்விட்டார். கொஞ்ச தூரம் போனவர் திரும்பி வந்து, "தலைகீழாத் திருப்பிப் பெருக்கறது ஏன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு ஸ்கூல்ல யாரும் சொன்னதில்ல," என்றார். ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினேன். அவருக்கு இரண்டாவது தடவையில் பிடிபட்டது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட். கொசு தானே தலை வாரி, தானே லேப்டாப்பைத் திறந்தாள். அத்தான் கதவோரம் நின்றார்.

"நான் பின்னாடி ஓரமா உக்காரட்டுமா?"

"வேண்டாம்பா. முடிஞ்சதும் கேளுங்க."

கதவைச் சாத்தினாள். உள்ளே மிஸ் ஒவ்வொருவராக முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டு வருவது கேட்டது. எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயர் வந்ததும், "உள்ளேன் மிஸ்," என்று ஒரு குரல் தெருவே கேட்கும்படி வந்தது.

அத்தான் கூடத்தில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்தார். பக்கம் திருப்பவில்லை. வகுப்பு முடிந்து, பேரம் பேசி வாங்கிய நேரமும் முடிந்து, கதவு திறந்தபோது எழுந்தே நின்றுவிட்டார்.

"என்ன நடந்துது?" என்றார்.

கொசு அவர் பக்கத்தில், காதருகே போய் உட்கார்ந்தாள். நான் ஷூ மாட்டிக்கொண்டபோது வருகைப் பதிவு வரைக்கும்தான் சொல்லி வந்திருந்தாள்.